புள்ளி விழுந்த பூவரசும் ஓர் ஓசோன் போர்டும்

சித்திரை வெயிலில் சத்தியமங்கலம் பக்கம் போகிறேன் என்று சொன்னால் யாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கூட, "இந்த வெயில்லீங்களா சார்? ஊட்டிக்குப் போலாமுல்லீங்க?" என்று கேட்டார். போகலாம்தான். ஆனால் எங்கள் பூவரசுகள் ஊட்டியில் இல்லையே.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: நான் கோவையில் பம்ப்செட் உதிரி பாகம் விற்பவன். என் மனைவி சுமதி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். மரம் எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது, சூடு ஏறினால், காற்று கெட்டால் அதற்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. எங்கள் பயணங்களில் அவள் மரத்தைப் பார்ப்பாள், நான் மெஸ்ஸைப் பார்ப்பேன். இருபது வருடமாக இதில் சண்டை வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு பூவரச மரத்தில் நடுவதற்குக் கிளைத் துண்டுகளாகப் போத்து வெட்டி, பையில் வளர்த்து, மூன்று இடங்களில் நட்டாள். உக்கடம் பெரியகுளத்துக் கரையில் கொஞ்சம், அன்னூரில் என் நண்பனின் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் கொஞ்சம், சத்தியமங்கலத்துக்கு முன்னால் நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்தில் நாற்பது. எல்லாம் ஒரே தாய் மரத்தின் துண்டுகள் என்பதால் ஜாதி, விதை என்று வித்தியாசம் கிடையாது. ஒன்று நன்றாக வளர்ந்து இன்னொன்று இளைத்தால், மண்ணையும் தண்ணீரையும் கழித்துவிட்டு வெயிலையும் காற்றையும் விசாரிக்கலாம் என்பது கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் போன் செய்தார். அவர் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. முதலில் நான் நன்றாக இருக்கிறேனா, பிறகு சுமதி, பிறகு என் மாமனாரின் முழங்கால், பிறகு கோவையில் மழை உண்டா. எல்லாம் முடிந்து "சரிங்க, வெச்சர்றேனுங்க" என்று சொல்லும் நேரத்தில்தான் விஷயம் வரும். வந்தது.

"அப்பறமுங்க, அம்மணியோட பூவரசுக்கு ஏதோ நோவு வந்துபோச்சுங்க. எலையெல்லாம் புள்ளி. தென்னம்பிள்ளைக்குப் பரவீரும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரரு சொல்றாருங்க. திங்கக்கெழம ஜேசிபி வருதுங்க. மொத்தமாப் புடுங்கிப் போட்டர்லாம்னு இருக்கறேன். அம்மணி சங்கடப்படக் கூடாதுங்க, அதுக்குத்தான் சொன்னேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுமதி தோசைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் பயந்ததில் தப்பில்லை. அந்தத் தென்னம்பிள்ளைகளை நம்பித்தான் அவர் குடும்பம் அடுத்த இருபது வருடத்தை யோசித்து வைத்திருக்கிறது. ஆனால் பூவரசு போனால் அவளுடைய ஆராய்ச்சிக்கு மூன்று காலில் ஒன்று போய்விடும். அதை விட, அந்த மரங்களின் மேல் அவளுக்கு ஆசை. பெயர் வைக்காததுதான் பாக்கி.

"சனிக்கெழம போலாமுங்க. மூணு எடத்தையும் வரிசையாப் பாத்துட்டு, நேரா அண்ணன்கிட்டப் பேசிக்கலாம்" என்றாள். தோசை தீய்ந்திருந்தது. நான் அதையே சாப்பிட்டேன்.

காலை ஆறேகாலுக்கு உக்கடம். கோடையில் பெரியகுளத்தைப் பார்க்க இதுதான் நேரம். நடைபாதையில் கூட்டம் குறைவு, தண்ணீரில் கூழைக்கடாக்கள், அந்தப் பக்கம் பாலக்காட்டுப் பஸ்கள் உறுமிக்கொண்டு கிளம்பும். எங்கள் பூவரசுகள் சாலை ஓரமாக நிற்கின்றன. இலை மேல் புகைக்கரி. சுமதி ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்தாள். அடியில் எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று பச்சை. ஒரு புள்ளி இல்லை.

அவள் இலையில் கிளிப் மாட்டுவதைப் பார்த்து டீக்கடைக்காரர் வந்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், பி.பி. பாக்கறீங்களா?"

"அப்படித்தானுங்க. எலையில கண்ணுக்குத் தெரியாத வாய் நெறைய இருக்குது. அது எவ்வளவு தொறந்திருக்குதுன்னு இது காட்டும்."

"இந்த மரத்துக்கு என்னங்க கொறச்சலு? நாள் பூரா பஸ்ஸுப் பொகையக் குடிச்சுப்போட்டு, கிண்ணுன்னு நிக்குது" என்றார் அவர். பெருமையாகத்தான் சொன்னார். கோடை முழுக்கப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்த்தவர் அவர்.

இரண்டு டீ இருபத்து நான்கு ரூபாய். சர்க்கரை குறைவாக வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரவணம்பட்டியைத் தாண்டும் வரை டிராபிக் உண்டு, சனிக்கிழமை என்றாலும் உண்டு. கோவில்பாளையம் வந்ததும் வண்டிக்கும் எனக்கும் மூச்சு வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தேன்.

"ஆகா, ஓசோன்!" என்றேன்.

சுமதி திரும்பிப் பார்த்தாள். எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. மார்கழி மாதம் அதிகாலையில் ஓசோன் கீழே இறங்கி வரும், அதைச் சுவாசித்தால் ஆயுசு கெட்டி என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் வருமே, அதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் நின்று மூச்சை இழுப்பவன் நான். மூன்று குழுக்களுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

"ஓசோன் மேலே இருக்கோணுமுங்க. ரொம்ப மேலே. அங்க இருந்தா நமக்கு வெயில் காப்பு. கீழே வந்தா வெசம். ஊட்டு மேல ஓடு இருந்தா நல்லது, அதே ஓடு தலை மேல விழுந்தா நல்லதுங்களா?"

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு அன்னூர் வரை நிற்கவில்லை.

அன்னூர் கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மெஸ்ஸில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் கிடைத்தது. அரிசியை ஆட்டி வேகவைத்துச் சூட்டோடு சூடாகப் பிழிந்த சந்தகை. வாயில் போட்டால் தானாக இறங்கும். இருவர் வயிறும் நூற்று முப்பது ரூபாய்க்கு நிறைந்தது. பெட்ரோல் பங்க் பூவரசுகள் உக்கடத்து உடன்பிறப்புகளை விடக் கொஞ்சம் குட்டை. கீழ் இலைகளில் அங்கங்கே பழுப்புப் பொடி தூவின மாதிரி புள்ளி. சுமதி மரத்தில் சில வாரங்களாகத் தொங்கவிட்டிருந்த பொத்தான் அளவு வில்லை ஒன்றைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு, வேறொன்றை மாட்டினாள். காற்றில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்பதை அது வாரக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் காலையிலும் இன்னோர் இடத்தில் மதியத்திலும் அளந்துவிட்டு ஒப்பிட்டால் தப்பு, அதற்காகத்தான் இந்த வில்லை என்று விளக்கினாள். எண்களை நான் இங்கே எழுதவில்லை. அவள் முடித்துவிட்டு எழுதட்டும்.

புளியம்பட்டி தாண்டியதும் வடக்கே மலை தெரிய ஆரம்பிக்கும். இந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். வாய்க்கால் பாயும் பக்கம் வாழை, மல்லிகைச் செடி, தென்னை என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்குச் சந்தோஷம் தாங்காமல் ஏதோ பாட ஆரம்பித்தேன், சுமதி கையைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"என்ன அம்மணி?"

"அண்ணன்கிட்ட நான் ஒரு விஷயத்த மறைச்சுப்போட்டேனுங்க. போன வருசமே தெரியும். மூணு எடத்துலயும் ஓசோன் ரொம்ப எச்சு அவரு தோட்டத்துலதான்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"போர்டைப் பாத்தீங்கல்ல? எப்படிச் சொல்றது?"

பத்தரை மணிக்கு அந்த போர்டின் கீழ்தான் வண்டியை நிறுத்தினோம். அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும் தோட்டத்தில் இரண்டு அறை கட்டி வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறார்கள். வாசலில் ஆள் உயரத்துக்குப் பச்சை போர்டு. அதில் மஞ்சள் எழுத்தில்: ஓசோன் தோட்டம். சுத்தமான காற்று, வீட்டுச் சாப்பாடு.

"வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, சித்தெ ஒக்காருங்க" என்று மோர் வந்தது. சுமதி சொம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மரங்களைப் பார்க்க நடந்துவிட்டாள். நாங்கள் மூவரும் பின்னாலேயே ஓடினோம்.

பார்த்ததும் எனக்கே வருத்தமாக இருந்தது. நாற்பது பூவரசும் உயிரோடுதான் நின்றன, ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் இதய வடிவ இலைகளில் செம்பழுப்புப் புள்ளி அப்பியிருந்தது. பல இலைகள் மஞ்சளாகி விழத் தயாராக இருந்தன.

"இது எப்ப இருந்துங்க அண்ணா? போன தடவ வந்தப்பக்கூட இல்லியே" என்றாள் சுமதி.

அண்ணன் சரசக்காவைப் பார்த்தார். சரசக்கா தென்னையைப் பார்த்தார்.

"இருந்துச்சுங்க. போன கோடையிலயே இருந்துச்சு" என்றார் அண்ணன் மெதுவாக. "நீங்க அத்தன தூரத்துல இருந்து ஆசையா வாறீங்க. வந்து பாத்தா மனசு வெசனப்படும்னு, நீங்க வாரதுக்கு முந்தின நாளு புள்ளி வுழுந்த எலையெல்லாம் நானும் இவளும் கிள்ளிப் போட்டர்றதுங்க."

"ஒவ்வொரு தடவயுங்களா?"

"ஒவ்வொரு தடவயுந்தானுங்க. விருந்தாளி வந்தா கொழந்தைக்கு மூஞ்சி கழுவி உடறதில்லீங்களா?" என்றார் சரசக்கா.

"ஐயோ அக்கா! இந்த மரத்துல எலை சீக்கிரம் கொட்டுதுன்னு ஒரு வருசமா எழுதி வெச்சிருக்கேன்! கிள்ளின எலை எங்க?"

"ஆட்டுக்குப் போட்டுட்டோமுங்க."

சுமதி என்னைப் பார்த்தாள். "என்ற ஒரு வருச ஆராய்ச்சிய ஆடு தின்னுருச்சுங்க" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அண்ணன், பிறகு நான். "நானும் ஒண்ணு மறைச்சுட்டேனுங்க அண்ணா, அதச் சொல்லி முடிச்சுட்டு இன்னொருக்காச் சிரிக்கலாம்" என்றாள்.

கொங்குநாட்டு மரியாதை எவ்வளவு வேலை பார்க்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இவர் மனசு நோகக் கூடாது என்று அவள் சொல்லவில்லை, அவள் மனசு நோகக் கூடாது என்று இவர் சொல்லவில்லை, நடுவில் நாற்பது மரங்கள் ஜேசிபிக்குக் காத்திருந்தன.

சுமதி முதலில் ஒரு கொம்பின் நுனியைக் காட்டினாள். "கொழுந்து எப்படி இருக்குது பாருங்க. சுத்தமா இருக்குது. பூஞ்சை நோவா இருந்தா இப்படி வயசு பாத்து வருமுங்களா? இது பழைய எலைக்குத்தான் எச்சு. எத்தன நாள் இந்தக் காத்துல நின்னுதோ அத்தன புள்ளி. அடிப்பக்கம் திருப்புங்க. ஒண்ணும் இல்ல. நரம்பு மேலயும் இல்ல."

அண்ணன் தலையை ஆட்டினார். நம்பினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்று தெரியவில்லை. அப்போதுதான் சரசக்கா ஓர் இலையைத் தூக்கினார். அது இன்னோர் இலையின் மேல் பாதி படுத்திருந்தது. கீழே இருந்த இலையில், மூடியிருந்த பகுதி மட்டும் அச்சு எடுத்தாற்போல் பச்சையாக இருந்தது. வெளியே தெரிந்த பகுதி முழுக்கப் புள்ளி.

"ஏனுங்க, இங்க பாருங்க. வாட்ச்சு கட்டின எடம் மட்டும் வெளுப்பா இருக்குமே, அதாட்டவே இருக்குதுங்க" என்றார்.

சுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதேதானுங்க அக்கா! ஓசோனும் வெயிலும் சேந்து அடிச்சா இப்படித்தான் இருக்கும். இது ஒட்டுவாரொட்டி இல்ல. தென்னைக்குப் பரவாது."

"ஓசோனா?" என்றார் அண்ணன். அவர் கண் தானாக வாசல் பக்கம் போனது. "அப்ப என்ற போர்டு?"

நான் ஓட்டுக் கதையை எடுத்துவிட்டேன். வீட்டு மேல ஓடு, தலை மேல ஓடு. அது என் சொந்தச் சரக்கு போலவே சொன்னேன், சுமதி விட்டுக்கொடுத்தாள். ஆனால் அண்ணனுக்கு ஆறவில்லை. "பொகையெல்லாம் கோயமுத்தூர்ல. இங்க ஏதுங்க ஓசோன்? உக்கடத்துலதானுங்களே இருக்கோணும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

"உக்கடத்துல வண்டியில இருந்து வர்ற புதுப் பொகையே ஓசோனத் தின்னுருமுங்க அண்ணா" என்றாள் சுமதி. "ஆனா அந்தப் பொகை காத்தோட கெளம்பி வெயில்ல வேகுது. வேக வேக ஓசோன் ஆகுது. அரிசி பருப்பெல்லாம் கோயமுத்தூர்ல போடறோம், வழியில வெயிலு சமைக்குது, எலை போட்டுப் பரிமாறறது உங்க தோட்டத்துல. வெயிலு ஏற ஏறச் சமையலும் எச்சு."

அவள் எங்களை வேலி ஓரம் கூட்டிப்போனாள். அங்கே சொட்டுநீர்க் குழாய் எட்டாத இரண்டு பூவரசுகள் நின்றன. குட்டையாக, ஆனால் புள்ளி குறைவாக. தண்ணீர் இல்லாத இலை வாயை மூடிக்கொள்ளும், ஓசோன் உள்ளே போகாது, ஆனால் சாப்பாடும் கிடைக்காது என்றாள். நன்றாகத் தண்ணீர் குடித்த மரம் வாயைத் திறந்து வைத்திருக்கும், வளரும், நடுப்பகலில் ஓசோனையும் சேர்த்து விழுங்கும்.

"நல்லாப் பாத்துக்கிட்டதுக்குத்தான் இந்தப் புள்ளியா?" என்றார் அண்ணன். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. அண்ணன் யூரியாவைத் தப்பாகப் போட்டதில்தான் மரத்துக்கு நோவு வந்தது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"பொழைக்குமுங்களா, அம்மணி? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார்.

"ஒளிக்க மாட்டேனுங்க. பொழைக்கும். ஆனா மெதுவா வளரும். புண்ணை ஆத்தறதுக்கும் புது எலை விடறதுக்குமே சத்து போயிருது, வேருக்குக் கொறச்சலாத்தான் எறங்குது. ராத்திரியும் இப்பச் சூடா இருக்குது, அதனால பகல்ல சேத்தத ராத்திரியே செலவு பண்ணிப்போடுது. வேர் பலமாகற வரைக்கும் நாம தாங்கிப் புடிக்கோணும். அடியில எலை தழையப் பரப்பி மூடாக்குப் போட்டு வேரைக் குளுகுளுன்னு வெய்யுங்க. யூரியா வேண்டாம். மருந்து அடிக்க வேண்டாம். எலையக் கிள்ளவே கிள்ளாதீங்க."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், பச்சைப்புளி ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். அரிசிம்பருப்புக்கு நான் கோவையில் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன், சரசக்காவின் கைக்கு ஒன்றும் கிட்டே வராது. மூன்றாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கம் வரவில்லை.

இலையை மடித்ததும் அண்ணன் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம். ஜேசிபிக்காரர் நலமா, அவர் மகளின் பரீட்சை எப்படி, வண்டிக்கு டயர் மாற்றியாயிற்றா. பிறகு, "திங்கக்கெழமைங்களா..." என்று இழுத்தார். "சரிங்க, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னங்க இது!" என்று சரசக்கா கத்தினார்.

"எனக்குன்னே நாளு ஒதுக்கி வெச்சிருக்கறாரு. வராதீங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?" என்றார் அண்ணன்.

சுமதியின் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கையை ஆட்டினார். "இல்லீங்க அம்மணி, மரத்தத் தொட உட மாட்டேன். வந்தவர சும்மா அனுப்பக் கூடாதில்லீங்க. பூவரசுக்கு மேல்பக்கம் ஒரு குட்டை வெட்டச் சொல்லீர்றேன். மழைத் தண்ணி நின்னா வேருக்கு ஆச்சு."

நாலு மணிக்குக் கிளம்பும்போது சுமதி வில்லையை மாற்றிக்கட்டினாள். சரசக்கா எங்களோடு போர்டு வரை வந்தார். இடுப்பில் கையை வைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரே எழுத்துத்தானுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. கோவையிலிருந்து சத்தியமங்கலம் எழுபது கிலோமீட்டர் அளவு. காந்திபுரத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. வழியில் இறங்கி இறங்கிப் பார்ப்பதாக இருந்தால் சொந்த வண்டியே வசதி. தோட்டத்தில் ஒரு நாள் தங்க, மூன்று வேளைச் சாப்பாட்டோடு, ஆளுக்கு எழுநூறு ரூபாய். கோடையில் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெயிலில் அலையாதீர்கள். தண்ணீர் கிடைக்காத மரத்தின் இலையே வாயை மூடும் நேரம் அது, நாமும் நிழலில் படுத்துவிடுவது உத்தமம்.

உங்கள் தெருவில் இளம் மரம் இருந்தால் பழைய இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நரம்பை விட்டுவிட்டு இடையில் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால், அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இலைகளைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பச்சை அச்சு தெரிந்தால் சந்தேகம் ஓசோன் மேல் போகட்டும். உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். என் பங்குக்கு, பக்கத்துக் கடைக்குப் போக வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டேன். நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்துக்கு நான் அனுப்பும் அரிசி பருப்பு அவ்வளவாவது குறையட்டும். மார்கழி மூச்சும் நிறுத்தம்.

நேற்று அண்ணனிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் போர்டு. ஒரே ஓர் எழுத்தை அழித்து மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது "ஓசோறு தோட்டம்". சரசக்காவின் யோசனையாம். வருகிறவர்களில் பாதிப்பேர் சோறு ஓசியா என்று கேட்கிறார்களாம், கேட்க வந்தவர்கள் சாப்பிடாமல் போவதில்லையாம்.

இரண்டாவது படத்தில் புதுக் குட்டை, கோடை மழையில் கால்வாசி நிரம்பியிருக்கிறது. அதன் கரையில் பூவரசுகள், ஒன்றில் மஞ்சளாக முதல் பூ. கூடவே ஒரு குரல் பதிவு. நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து, என் மாமனாரின் முழங்காலும் முடிந்து, கடைசியில் அண்ணன் சொன்னார்: "அம்மணிகிட்டச் சொல்லீருங்க. ஒரு எலை கிள்ளலீங்க. புள்ளியெல்லாம் அப்படியே இருக்குது. வந்து பாத்து நல்லாச் சங்கடப்பட்டுக்கச் சொல்லுங்க."

சுமதி அதை நான்கு முறை கேட்டாள். இந்தச் சனிக்கிழமையே போகிறோம்.